நல்ல தனி உணவகங்கள் ஏன் மூடுகின்றன? சாப்பிடப் போகிறவர்களால் ஏதாவது செய்ய முடியுமா?

மாலைநடை கேட்டது:

வணக்கம். நான் ஓட்டல் தொழிலில் இல்லை, சாப்பிடப் போகிற ஆள் மட்டும்தான், அதனால் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்கிறேன். எங்கள் நகரத்தில் ஒரு குடும்பமோ இரண்டு நண்பர்களோ சேர்ந்து நடத்துகிற, வேறெங்கும் கிளை இல்லாத உணவகங்கள் வந்த வேகத்தில் போய்விடுகின்றன. சமையல் மோசம் என்றால் புரிந்துகொள்ளலாம். நன்றாகச் சமைக்கிற, சனி ஞாயிறுகளில் வாசலில் காத்து நிற்க வேண்டியிருக்கிற கடைகளே மூடுகின்றன. கொஞ்ச நாளில் அதே இடத்தில், எந்த ஊருக்குப் போனாலும் பார்க்கிற ஒரு பெரிய பெயர்ப்பலகை ஏறிவிடுகிறது. அங்கே சாப்பாடு மோசமில்லைதான், ஆனால் அதைச் சாப்பிட இந்த நகரத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லையே.

எனக்கு இது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. ஒரு நகரத்தைப் பிடித்துப்போவதற்குப் பாதிக் காரணம் அங்கே யாரோ ஒருவர் தன் கைப்பக்குவத்தில் சமைத்துப் போடுகிற சாப்பாடு என்று நினைக்கிறவன் நான். எல்லாரும் சொல்வது போல 90 சதவீத உணவகங்கள் முதல் வருஷத்திலேயே மூடிவிடும் என்பது உண்மையா? வீட்டுக்கு ஆர்டர் போட்டால் அவர்களுக்கு உதவியா உபத்திரவமா? ரேட்டிங் போடுவதால் பலன் உண்டா? மொத்தத்தில், மாதத்தில் சில தடவை வெளியே சாப்பிடுகிற ஒரு குடும்பம் என்ன செய்தால் இந்தக் கடைகளுக்கு நிஜமாகவே பயன்படும்?

ஏட்டுக்கணக்கு:

சில சின்ன உணவகங்களுக்கு வரவு செலவு பார்த்துக் கொடுக்கிறேன், அதை வைத்துச் சொல்கிறேன். முதலில் அந்த 90 சதவீதக் கதையை விட்டுவிடுங்கள். பல வருஷமாகச் சுற்றுகிறது, தாங்குவதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கொலம்பஸ் நகர உணவகங்களின் 1996 முதல் 1999 வரையிலான தரவை எடுத்து, எச். ஜி. பார்சாவும் உடன் ஆய்வு செய்தவர்களும் 2005ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதல் ஆண்டில் போனவை சுமார் 26 சதவீதம், 3 ஆண்டு முடிவில் சுமார் 60 சதவீதம். அதிலும் கடை கைமாறினால் அதையும் தோல்வி என்றே எண்ணினார்கள், ஆக நிஜமாகப் பூட்டுப் போட்ட கடைகள் அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

அந்தக் கட்டுரையில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. செயின் கடைகளும் தனிக் கடைகளும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் விழுந்தன, தனிக் கடைகள் சில புள்ளிகள் அதிகம், அவ்வளவே. ஆனால் செயினில் ஒரு கிளை மூடினால் மற்றக் கிளைகள் நஷ்டத்தைத் தாங்கிக்கொள்ளும், அதே மெனு அடுத்த தெருவில் கிடைக்கும். தனிக் கடை மூடினால் அந்தச் சாப்பாடே உலகத்தில் இல்லாமல் போகிறது. நீங்கள் படுகிற வருத்தம் நியாயம்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். ஒரு கடையின் விற்பனை 100 என்று வையுங்கள். சமையல் சரக்குக்கு ஏறத்தாழ 30 போகும், சம்பளத்துக்கு இன்னொரு 30. வாடகை 10க்குள் நின்றால் நல்லது, நல்ல தெருவில் பெரும்பாலும் நிற்காது. அப்புறம் மின்சாரம், கேஸ், ஃப்ரிட்ஜ் ரிப்பேர், உடைகிற தட்டு, உரிமக் கட்டணம், கார்டு மெஷினுக்கான கட்டணம், கடன் வட்டி. எல்லாம் போக முதலாளி கையில் 5 நின்றால் அவர் நன்றாக நடத்துகிறார் என்று அர்த்தம். ஒரு மாதம் சரக்கு விலை கொஞ்சம் ஏறினால் அந்த 5 காணாமல் போகும். மெனுவில் விலையை ஏற்றினால் வாடிக்கையாளர் முகம் சுளிப்பார் என்று பயந்து ஏற்றாமலே நஷ்டத்தில் ஓட்டுகிறவர்களை நான் அதிகம் பார்க்கிறேன்.

ஆப் மூலம் ஆர்டர் போடுவது பற்றிக் கேட்டீர்கள். கமிஷன் 30 சதவீதம் வரை போகும். சரக்கு 30, பேக்கிங் டப்பா ஒரு 5, கமிஷன் 30 என்று கழித்தால் 35 மிஞ்சும். அடுப்பு சும்மா எரிகிற நேரத்தில், வேறு எப்படியும் வராத ஒரு ஆள் அந்த ஆர்டரைப் போட்டால், அந்த 35 வாடகைக்கும் சம்பளத்துக்கும் உதவும். ஏற்கனவே நேரில் வந்துகொண்டிருந்த ஆள் வீட்டில் உட்கார்ந்து ஆப்பில் போட ஆரம்பித்தால், அதே சாப்பாட்டில் கமிஷனும் டப்பாவும் சேர்ந்து கடைக்கு 35 நஷ்டம். அதனால் நடக்கிற தூரத்தில் இருக்கிற கடைக்கு ஆப் வேண்டாம், போன் செய்து சொல்லிவிட்டு நேரில் போய் பார்சல் வாங்குங்கள். தூரத்தில் இருக்கிற, நீங்கள் போகவே மாட்டீர்கள் என்கிற கடைக்கு ஆப்பில் போடுவதில் தப்பில்லை.

நியூயார்க் நகரம் 2020ல், கொரோனா நேரத்தில், டெலிவரி கமிஷனுக்கு 15 சதவீதம் என்று தற்காலிகமாக வரம்பு கட்டியது, 2021ல் அதை நிரந்தரச் சட்டமாக்கியது, உடனே செயலி நிறுவனங்கள் வழக்குப் போட்டன. அந்த அளவுக்கு அந்தச் சதவீதத்தில் இரண்டு பக்கத்துக்கும் பிழைப்பு இருக்கிறது.

அடுப்படி:

மேலே சொன்ன கணக்கு அப்படியே என் கடைக் கணக்கு. நான் ஒரு சின்ன உணவகம் நடத்துகிறேன், என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

மாலைநடை, சனிக்கிழமை வாசலில் நிற்கிற கூட்டத்தைப் பார்த்துக் கடை ஓடுகிறது என்று முடிவு செய்யாதீர்கள். சனி இரவு இடமில்லாமல் திரும்பிப் போகிறவர்கள் காசு கொடுக்கவில்லை. இருக்கிற மேஜைகள் எத்தனை தடவை நிரம்புமோ அத்தனைதான் அன்றைய வருமானம், அதற்கு மேல் எவ்வளவு புகழ் இருந்தாலும் கல்லாவுக்கு வராது. செவ்வாய், புதன் இரவுகளில் பாதி மேஜை காலியாகக் கிடக்கும். அன்றைக்கும் அதே மாஸ்டருக்குச் சம்பளம், அதே வாடகை, அதே விளக்கு. காலியாகப் போன மேஜையை நாளைக்கு எடுத்து விற்க முடியாது. எங்களை மூடவைப்பது இந்தச் செவ்வாய்க்கிழமைகள்தான்.

இதைத் தலைகீழாகவும் பாருங்கள். வாடகையும் சம்பளமும் எப்படியும் கொடுத்தே ஆக வேண்டியவை என்பதால், வாரத்தின் நடுவில் கூடுதலாக வந்து உட்கார்கிற ஒரு குடும்பம் கொடுக்கிற பணத்தில் சரக்குச் செலவு போக மீதிப் பெரும்பகுதி அப்படியே கடைக்கு நிற்கும். சனி இரவு நீங்கள் வராவிட்டால் அந்த மேஜைக்கு வேறு ஆள் இருக்கிறார். புதன் இரவு நீங்கள் வராவிட்டால் யாரும் இல்லை. அதனால் எங்களுக்கு உதவ வேண்டும் என்று யாராவது கேட்டால் நான் சொல்வது ஒன்றே ஒன்று, அதே செலவை, அதே தடவைகளை, வாரநாளுக்கு மாற்றுங்கள். உங்களுக்கும் நல்லது. சமையலறைக்கு அவசரம் இல்லாத நாளில் சாப்பாடு நிதானமாக வரும், மாஸ்டர் வெளியே வந்து பேசக்கூட நேரம் இருக்கும்.

இரண்டாவது, மேஜை பதிவு செய்துவிட்டு வராமல் இருப்பது. பெரிய கூட்டமாக வருகிறோம் என்று சொல்லி வைப்பார்கள், அதற்காகச் சரக்கு வாங்கி, நறுக்கி, ஊறவைத்து, அந்த மேஜைகளுக்கு மற்றவர்களைத் திருப்பி அனுப்பி வைத்திருப்போம், ஆள் வராது, போனும் எடுக்க மாட்டார்கள். மதியமே ஒரு வார்த்தை வரவில்லை என்று சொல்லியிருந்தால் போதும், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். முன்பணம் கேட்கிற கடையைப் பார்த்து எரிச்சல்படாதீர்கள், அதற்குக் காரணம் இதுதான்.

மெனு பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான்கு பக்கம் மெனு இருந்தால்தான் பெரிய கடை என்று இன்னும் நிறைய பேர் நினைக்கிறார்கள். மெனு நீண்டால் ஃப்ரிட்ஜில் தூங்குகிற சரக்கு அதிகமாகும், வீணாவது அதிகமாகும், சமையல்காரர் கை எதிலும் பழகாது. ஒரு தனிக் கடை மெனுவைச் சுருக்கி வைத்திருந்தால் அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளுங்கள். "இது இல்லையா, அது இல்லையா" என்று கேட்டுக் கேட்டுத்தான் பல கடைகள் தங்களுக்கு வராததையெல்லாம் மெனுவில் சேர்த்துக் கெட்டுப்போகின்றன.

பார்சா கட்டுரையை நானும் படித்தேன். முதலாளிகளிடம் பேசி எழுதிய பகுதியில், தொழிலுக்குக் கொடுக்க வேண்டிய நேரமும் குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டிய நேரமும் முட்டிக்கொண்டதைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். ஊர் சாப்பிடுகிற நேரமெல்லாம் நமக்கு வேலை நேரம், ஊருக்கு விடுமுறை என்றால் நமக்கு இரட்டை வேலை. அதனால் வாரம் ஒரு நாள் மூடுகிற தனிக் கடையைப் பார்த்தால் சந்தோஷப்படுங்கள். அவர்கள் நீண்ட நாள் நடத்த நினைக்கிறார்கள்.

நேர்பேச்சு:

எல்லாம் சரி, ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தனிக் கடை என்பதற்காகவே ஒரு கடைக்குப் போக வேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை. நான் வேலைக்காக ஊர் ஊராகச் சுற்றுகிறவன். தெரியாத இடத்தில் இறங்கியதும் செயின் கடைக்குத்தான் போகிறேன், காரணம் வயிறு. இது என் மனக்கற்பனையும் இல்லை. ஜிஞ்சர் ஜின், ஃபிலிப் லெஸ்லி என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் லாஸ் ஏஞ்சலஸ் பகுதி உணவகங்களின் சுகாதாரச் சோதனை மதிப்பெண்களை வைத்து 2009ல் எழுதிய கட்டுரையில், செயினைச் சேர்ந்த கடைகள் சராசரியாகச் சுத்தமாக இருந்தன என்று காட்டியிருக்கிறார்கள். ஒரு கிளையில் கெட்ட பெயர் வந்தால் எல்லாக் கிளைக்கும் அடி என்ற பயம் தலைமை அலுவலகத்துக்கு இருக்கிறது.

அதே கட்டுரையில் உங்கள் பக்கத்துக்கும் ஒன்று இருக்கிறது, அதையும் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வருகிற வாடிக்கையாளர்கள் அதிகமாக உள்ள பகுதிகளில் கடைகள் சுத்தமாக இருந்தன. ஒரு தடவை வந்துவிட்டுப் போகிற சுற்றுலாக் கூட்டத்தை நம்பியிருக்கிற இடத்தில் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. ஆக, தனிக் கடைக்குத் தலைமை அலுவலகம் பக்கத்துத் தெருக்காரர்கள்தான். நீங்கள் தொடர்ந்து போகிறீர்கள் என்பதே அங்கே ஒரு கண்காணிப்பு.

அந்த லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் 1998 முதல் சோதனையில் கிடைத்த தரத்தை எழுத்தாக வாசலில் ஒட்ட வேண்டும் என்று ஆக்கினார்கள். இதே இருவரின் 2003 கட்டுரைப்படி அதற்குப் பிறகு மதிப்பெண்கள் ஏறின, கெட்ட உணவால் மருத்துவமனைக்குப் போனவர்கள் குறைந்தார்கள். தனிக் கடைகளை நேசிக்கிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது இந்த மாதிரி வெளிப்படையான சோதனையைத்தான். சுத்தமாக நடத்துகிற சின்னக் கடைக்கு, விளம்பரக் காசு இல்லாமலே, "உள்ளே தைரியமாக வரலாம்" என்று அந்நியருக்குச் சொல்ல இதைவிட நல்ல வழி கிடையாது.

மாலைநடை:

நேர்பேச்சு, நீங்கள் சொல்வதில் எனக்கு மறுப்பில்லை. மோசமான கடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. நல்ல கடைகள் ஏன் போகின்றன என்பதுதான் என் கவலை. அடுப்படி, வாரநாள் விஷயம் எனக்கு இதுவரை தோன்றவே இல்லை, மிகவும் நன்றி. ரேட்டிங் பற்றி யாரும் சொல்லவில்லையே?

வரிசைமூன்று:

ரேட்டிங் பற்றி நான் சொல்கிறேன், இதில் கொஞ்சம் படித்திருக்கிறேன். அப்போது ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலில் இருந்த மைக்கேல் லூகா 2011ல் சியாட்டில் உணவகங்களின் வருமானத்தையும் யெல்ப் என்ற விமர்சனத் தளத்தில் அவற்றுக்கு இருந்த நட்சத்திரங்களையும் சேர்த்துப் பார்த்தார். ஒரு நட்சத்திரம் கூடினால் வருமானம் 5 முதல் 9 சதவீதம் கூடியது. இதில் நமக்குத் தேவையான வரி என்னவென்றால், அந்தப் பலன் முழுக்கத் தனிக் கடைகளுக்குத்தான் கிடைத்தது, செயின் கடைகளின் வருமானத்தை நட்சத்திரம் அசைக்கவே இல்லை. பெரிய பெயரை நீங்கள் ஏற்கனவே அறிவீர்கள், யாரும் எழுதித் தெரிய வேண்டியதில்லை. தெருமுனையில் இருக்கிற புதுக் கடையைப் பற்றி உங்களுக்கு ஒன்றும் தெரியாது, அங்கேதான் ஒரு அந்நியரின் நான்கு வரி வேலை செய்கிறது. மேலே ஏட்டுக்கணக்கு சொன்ன 5ஐ நினைவில் வைத்துக்கொண்டு இந்த 5 முதல் 9ஐப் பாருங்கள், ஒரு கடை பிழைப்பதும் மூடுவதும் அந்த இடைவெளிக்குள் இருக்கிறது.

மறுபக்கமும் உண்டு. இதே லூகா, ஜார்ஜியோஸ் செர்வாஸ் என்பவருடன் சேர்ந்து பாஸ்டன் உணவகங்களைப் பற்றி எழுதிய இன்னொரு கட்டுரையில், சுமார் 16 சதவீத விமர்சனங்களைத் தளமே சந்தேகத்துக்குரியவை என்று ஒதுக்கியிருந்ததாகக் காட்டினார். பெயர் பலவீனமாக இருக்கிற கடை தன்னைத்தானே புகழ்ந்துகொள்ள ஆசைப்படுகிறது, போட்டி அதிகமானால் பக்கத்துக் கடையை மட்டம் தட்டுகிற பொய்கள் கூடுகின்றன. செயின் கடைகளுக்கு இதில் ஆசை குறைவு, அவற்றுக்கு நட்சத்திரம் அவ்வளவு தேவைப்படாததால்.

அதனால் எழுதுங்கள், ஆனால் எழுதுவதை ஒழுங்காக எழுதுங்கள். "சூப்பர்" என்ற ஒற்றைச் சொல்லை யாரும் நம்புவதில்லை, பொய் விமர்சனமும் அப்படித்தான் இருக்கும். என்ன சாப்பிட்டீர்கள், எந்த நாள், எந்த நேரம், குழந்தையோடு போகலாமா, காத்திருக்க வேண்டியிருந்ததா, வயதானவர்கள் படியேற வேண்டுமா, இவைதான் படிக்கிறவருக்குப் பயன்படும். திறந்த முதல் வாரத்தில் போய்விட்டு இரண்டு நட்சத்திரம் போடாதீர்கள். சமையலறை தன்னுடைய வேகத்தைப் பிடிக்கவே கொஞ்ச காலம் ஆகும், அதற்குள் விழுகிற குறைந்த நட்சத்திரம் சராசரியில் ரொம்ப நாள் ஒட்டிக்கொண்டிருக்கும். குறை இருந்தால் அங்கேயே சொல்லுங்கள், சரிசெய்ய ஒரு வாய்ப்புக் கொடுங்கள், அதற்குப் பிறகும் மாறவில்லை என்றால் எழுதுங்கள்.

மேற்கூரை:

எல்லாரும் சாப்பிடுகிறவர்களையும் சமைக்கிறவர்களையும் பேசுகிறீர்கள், கட்டடக்காரரை யாரும் பேசவில்லை. என் அனுபவத்தில் நன்றாக ஓடுகிற கடைகள் மூடுவதற்கு முதல் காரணம் வாடகை ஒப்பந்தம் முடிவதுதான். ஒரு கடை பிழைத்து, தெருவுக்கு ஆள் வர ஆரம்பித்து, தெருவுக்கு மதிப்புக் கூடியதும் அந்த மதிப்பு வாடகையாக ஏறி அதே கடையை வெளியே தள்ளுகிறது. புது வாடகையைக் கொடுக்கக்கூடியவர் பின்னால் பெரிய பணம் இருக்கிறவர், மாலைநடை சொன்ன பெயர்ப்பலகை அப்படித்தான் வருகிறது. சமையலறைக்காகப் போட்ட புகைபோக்கி, தண்ணீர்க் குழாய், டைல்ஸ் எல்லாம் கட்டடத்தோடு போய்விடும், கழற்றி எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு துணிக்கடை இடம் மாறலாம், உணவகம் இடம் மாறுவது பாதிக்குப் பாதி புதிதாகத் தொடங்குவதற்குச் சமம்.

இதில் நகர நிர்வாகம் செய்யக்கூடியது இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ 2004 முதலே செயின் கடைகளுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உலகத்தில் 11 அல்லது அதற்கு மேல் கிளைகள் இருந்தால் அது செயின் கணக்கில் வரும், குடியிருப்பை ஒட்டிய பல கடைத்தெருக்களில் திறக்க வேண்டுமானால் தனி அனுமதி வாங்க வேண்டும், அதற்கு முன் அக்கம்பக்கத்தார் கருத்துச் சொல்லலாம். 2015ல் அதே நகரம் பழைய கடைகளுக்கு ஒரு நிதி ஏற்படுத்தியது. பொதுவாக 30 ஆண்டுகளுக்கு மேல் நடந்துவரும் கடைகளைப் பட்டியலில் சேர்த்து, அப்படிப்பட்ட கடைக்குக் குறைந்தது 10 ஆண்டுக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுக் கொடுக்கிற கட்டடக்காரருக்கு உதவித்தொகை கொடுக்கிறார்கள். எனக்கு இந்த இரண்டாவதுதான் மிகவும் பிடித்தது. தடை போட்டால் சண்டை வரும், நீண்ட ஒப்பந்தத்துக்கு ஊக்கம் கொடுத்தால் கட்டடக்காரரும் நம் பக்கம் வந்துவிடுவார்.

சிங்கப்பூர் வேறு வழியில் போனது. தெருவில் விற்றுக்கொண்டிருந்தவர்களுக்காக 1970களில் அரசே தண்ணீர், கழிவுநீர் வசதியோடு கூடங்கள் கட்டி உள்ளே கொண்டுவந்தது, ஒவ்வொரு ஸ்டாலும் தனி ஆளின் சமையல். 2020ல் அந்தக் கலாசாரம் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. சொந்தமாகச் சமைத்து விற்க நினைக்கிறவருக்குச் சின்ன இடம், தாங்கக்கூடிய முதலீடு, இதை ஒரு நகரம் திட்டம் போட்டுச் செய்ய முடியும் என்பதற்கு அது சாட்சி.

மாலைநடை, உங்கள் வார்டு உறுப்பினரிடமோ வியாபாரிகள் சங்கத்திடமோ இதைக் கேளுங்கள். கடைக்காரர்கள் கேட்டால் தங்கள் பிழைப்புக்காகக் கேட்கிறார்கள் என்று ஒதுக்கிவிடுவார்கள், சாப்பிடுகிறவர்கள் கேட்டால் அப்படி ஒதுக்க முடியாது.

அடுப்படி:

மேற்கூரை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். புதுக் கடை போட இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் எத்தனை வருஷம், ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஏறும், நடுவில் காலி செய்யச் சொன்னால் எவ்வளவு அவகாசம், புகைபோக்கி போட அனுமதி யார் வாங்குவது, இந்த நான்கையும் எழுத்தில் வாங்குங்கள். மெனு யோசிக்கச் செலவிடுகிற நேரத்தில் பாதியையாவது இதற்குக் கொடுங்கள்.

வரிசைமூன்று சொன்ன "அங்கேயே சொல்லுங்கள்" என்பதற்கு என் முழு ஓட்டு. உப்புக் கூடிவிட்டது என்று மேஜையில் சொன்னால் உடனே மாற்றிக் கொடுப்போம், அன்றைக்கு அந்தப் பாத்திரத்திலிருந்து சாப்பிடப் போகிற மற்றவர்களும் தப்பிப்பார்கள். பலர் சங்கடப்பட்டுக்கொண்டு "நன்றாக இருந்தது" என்று சொல்லிவிட்டுப் போய், திரும்பி வருவதே இல்லை. ஏன் வரவில்லை என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

மாலைநடை:

சரி, எங்கள் வீட்டில் பேசிவிட்டோம். வெளியே சாப்பிடுவதை இனிமேல் புதன்கிழமைக்கு மாற்றுகிறோம். நடக்கிற தூரத்தில் இருக்கிற இரண்டு கடைகளின் போன் நம்பரை வாங்கி வைத்தாயிற்று, பார்சல் இனி நேரில்தான். மேற்கூரை, அந்தச் சான் பிரான்சிஸ்கோ விதிகளை வைத்து வார்டு கூட்டத்தில் பேச ஒரு மனு எழுதலாம் என்று இருக்கிறேன், எழுதியதும் இங்கே போடுகிறேன், நீங்களும் ஏட்டுக்கணக்கும் ஒரு தடவை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் பெரிய உதவியாக இருக்கும்.